ஹெவி லைசென்ஸ்: பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலா, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையமா?

சீட்டை எண்ணிப் பார்த்து ‘இது வேன், அது பஸ்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். சட்டம் பார்ப்பது எடையை. மொத்த எடை (வண்டியும் முழுச் சுமையும் சேர்த்து) 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே போதும், மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டியிருந்தாலும் சரி. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது. டெம்போ டிராவலரோடு நின்றுகொள்கிறவர், பெரிய பஸ், லாரி ஓட்டுவதற்கான ஹெவி உரிமத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. குழப்பம் வருவது மினி பஸ்ஸில்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று 7,500-க்கு உள்ளே, மற்றது வெளியே இருக்கலாம். ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். முழு நீள பஸ் என்றால் பேச்சே இல்லை, அது 16 டன் சமாச்சாரம்.

எந்த வழியில் போனாலும் அடிப்படைத் தகுதி ஒன்றுதான். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. உரிமம் கைக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இது எல்.எல்.ஆர். போட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கல்ல. பைக் லைசென்ஸ் பத்து வருடம் வைத்திருந்தாலும் இதில் சேராது. 18-ல் கார் உரிமம் வாங்கியவருக்கு 19-லேயே ஓராண்டு முடிந்துவிடும். ஆனாலும் 20 வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற பழைய நிபந்தனை 2019-லேயே போய்விட்டது, இன்னமும் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் புரோக்கரை நம்ப வேண்டாம்.

மருத்துவச் சான்று படிவம் 1ஏ கட்டாயம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்றெல்லாம் அதில் டாக்டர் எழுதித் தர வேண்டும். பயிற்சிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள். நிறக்குருடு இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு.

இனி இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சாதாரண டிரைவிங் ஸ்கூலில் ஹெவிக்கு விதி சொல்வது குறைந்தது 30 நாள், அதில் வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் 15 மணி. முடிந்ததும் படிவம் 5 தருவார்கள். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, அதன் ஆறு மாத ஆயுளுக்குள், மோட்டார் வாகன ஆய்வாளர் முன்பு ஓட்டிக் காட்ட வேண்டும். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையத்தில் ஹெவி வகுப்பு ஆறு வாரம், 38 மணி நேரம். சிமுலேட்டரும் சொந்தத் தேர்வுத் தடமும் இருக்கும். ஹெவி கற்றுத்தரும் மையத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும் என்பது விதி. அங்கே தேறினால் கிடைக்கும் படிவம் 5பி-யைக் காட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டாம். 2024 ஜூனில் ‘இனி ஆர்.டி.ஓ. டெஸ்ட்டே கிடையாது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது இந்தப் பழைய விதிதான், அதுவும் பாதி மட்டும்.

லாரி கிளீனராக இருந்து கை பழகியவருக்குப் பக்கத்து ஸ்கூலே போதும். காரிலிருந்து நேராக வருகிறவர், தூரமானாலும் மையத்துக்குப் போவது நல்லது. பதினைந்து மணி நேரத்தில் கியர் பிடிபடும், வண்டியின் நீளம் பிடிபடாது.

ஸ்கூலைத் தேர்ந்தெடுத்தால் மூன்றைக் கேளுங்கள். அவர்களின் உரிமமான படிவம் 11-ல் ஹெவி வகுப்பு இருக்கிறதா? பயிற்சி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு (சொல்லித்தருபவர் பக்கமும் பிரேக், கிளட்ச்) உண்டா? யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதும் படிவம் 15 பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால், அங்கே படிவம் 5 மட்டும்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக ஒன்று, பலர் கேட்க மறப்பது: பயிற்சி லாரியிலா, பஸ்ஸிலா? உரிம அட்டையில் ‘டிரான்ஸ்’ (போக்குவரத்து வாகனம்) என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொது என்பதால், பஸ்ஸைத் தொடாமலே பஸ் ஓட்டும் தகுதி வந்துவிடுகிறது. ஆனால் பஸ்ஸில், அதிலும் எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில், டிரைவர் முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். லாரிக் கணக்கில் சீக்கிரம் ஒடித்தால் பின்சக்கரம் உள்பக்கம் வெட்டி நடைமேடையில் ஏறும். பின் அச்சுக்குப் பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, அச்சு இடைவெளியில் 60 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது விதி. அச்சு இடைவெளி 222 அங்குலம் உள்ள சேஸிஸில் அது மூன்று மீட்டரைத் தாண்டும். வலது பக்கம் முழுதாக ஒடிக்கும்போது அந்த வால் இடது பக்கம் வீசும், அங்கே நிற்கும் பைக்கைத் தட்டும். தேர்வில் அடிக்கடி ஆள் தோற்பதும் திருப்பத்திலும் ரிவர்ஸிலும்தான். அடுத்தது ஏர் பிரேக்: காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையுமுன் நகர்த்தப் பார்ப்பது, மேட்டில் ஹேண்ட் பிரேக்கை அவசரமாக விடுவது.

உரிமம் வந்ததும் எல்லா பஸ்ஸும் திறந்துவிடாது. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு 24 வயது, பத்தாம் வகுப்பு, ஹெவி ஓட்டிய 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிப் பேருந்துக்கு 1997-ல் தில்லி தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டு ஹெவி அனுபவம் வேண்டும் என்றது. ஆகவே 20-ல் உரிமம் எடுப்பவர் முதல் சில ஆண்டுகளைத் தனியார் வண்டியில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

அட்டையில் இரண்டு காலாவதித் தேதி இருக்கும். பெரியது சொந்த வண்டிக்கு, டிரான்ஸ் தேதி ஐந்தே ஆண்டு. பெரிய தேதியைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, விபத்து நடந்தபின் விழித்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கக் கிளம்பும். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.