பறவை எடுக்க ஃபுல்ஃபிரேம் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஜனவரி மாதக் காலை, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். கரையிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி ஒரு சேற்றுத் திட்டில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக நின்றிருந்தன. அவற்றில் ஒன்றின் கழுத்தில் பட்டை இருந்தது. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் இந்த வாத்துகளைப் பிடித்து, எழுத்தும் எண்ணும் பொறித்த பட்டையைக் கழுத்தில் மாட்டி விடுகிறார்கள். யாராவது அந்த எண்ணைப் படித்துச் சொன்னால், இமயமலையைத் தாண்டி வந்த அந்த வாத்துக்கு எந்த ஏரியில் பட்டை மாட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். 31 ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். அந்தப் பட்டையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

பைனாகுலரில் பட்டை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. தோளில் 1,24,000 ரூபாய்க் கேமரா தொங்கியது. 20 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், வாத்தின் மொத்த உயரமே 60 பிக்சலுக்குள் அடங்கிவிட்டது. பட்டை என்பது நான்கு பிக்சல். தலையில் இருக்கும் இரண்டு கறுப்பு வரிகள்கூடப் பிரிந்து தெரியாமல் ஒரே கறையாகக் கலந்து கிடந்தன. வரித்தலை வாத்து என்று அதற்குப் பெயர் வரக் காரணமே அந்த வரிகள்தான்.

நான் வாங்க நினைத்தது இந்தக் கேமராவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பணத்தில் 75,000 ரூபாய் ஒதுக்கி, நிக்கான் கூல்பிக்ஸ் பி950 வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். லென்ஸ் கழற்ற முடியாத, 83 மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா. ஃபுல்ஃபிரேமுக்கு இணையான கணக்கில் 24 மில்லிமீட்டரிலிருந்து 2000 மில்லிமீட்டர் வரைக்கும் வீச்சு (இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்), எடை ஒரு கிலோ. சென்னையில் ஒரு பெரிய கேமரா கடைக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில், "பறவைகளைத் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும், பி950 இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது, வாருங்கள் என்று பதில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து இரவு ரயில் ஏறிப் போனேன்.

கடையில் விற்பனையாளர் பி950-ஐ எடுத்துக் காட்டவே இல்லை. "அம்மா, அது குழந்தைகள் வைத்து விளையாடுகிற கேமரா. உள்ளே சென்சார் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. இதைப் பாருங்கள், ஃபுல்ஃபிரேம்" என்று லென்ஸை மாற்றி மாட்டக்கூடிய ஒரு மிரர்லெஸ் கேமராவை என் கையில் வைத்தார். சென்சார் என்பது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. அதன் அளவைப் பற்றி அவர் சொன்னது உண்மை. ஃபுல்ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பி950 போன்றவற்றில் இருப்பது சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பில் ஏறத்தாழ 30 மடங்கு வித்தியாசம். இதை ஏற்கெனவே நானும் படித்திருந்ததால், அடுத்து அவர் சொன்னதையும் நம்பிவிட்டேன்.

"தம்பி, இதில் ஜூம் எவ்வளவு?" என்று கேட்டேன். "28-70 லென்ஸ் கூடவே வருகிறது அம்மா. 24 மெகாபிக்சல் இருக்கிறதே, எடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தரம் குறையவே குறையாது" என்றார். பத்தடி தள்ளிச் சுவரில் இருந்த விளம்பரப் படத்தை எடுத்து, அதில் இருந்த பெண்ணின் கண் இமையைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு முடியும் தெரிந்தது. பிரகாசமான விளக்கு, பத்தடித் தூரம், அசையாத படம். அங்கே எந்தக் கேமராவும் அப்படித்தான் காட்டும். அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவில்லை. கேமராவை வாசலுக்குக் கொண்டுபோய், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் காக்கையை எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். வாசலுக்கு வெளியே எடுத்துப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

வெட்டிப் பெரிதாக்கலாம் என்றாரே, அந்தக் கணக்கைப் பிறகு நானே போட்டுப் பார்த்தேன். 70 மில்லிமீட்டரில் எடுத்த படத்தை வெட்டி, 600 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். நீளத்தில் எட்டரை மடங்கு, அகலத்தில் எட்டரை மடங்கு வெட்ட வேண்டும். பரப்பில் 73 மடங்கு. 24 மெகாபிக்சலை 73-ஆல் வகுத்தால் மிஞ்சுவது ஒரு மெகாபிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. பி950 எட்டும் 2000 மில்லிமீட்டருக்கு வெட்டினால் மிஞ்சுவது வெறும் 30,000 பிக்சல். அதே வாத்தை, அதே 150 மீட்டரில், 2000 மில்லிமீட்டரில் எடுத்திருந்தால் அது 1,400 பிக்சல் உயரத்துக்கு நின்றிருக்கும். கழுத்துப் பட்டைக்கு மட்டும் 90 பிக்சலுக்கு மேல் கிடைத்திருக்கும். கானல் அலை கொஞ்சம் கலங்கடித்தாலும் எழுத்தைப் படித்திருக்கலாம்.

தூரம் போதாது என்று நான் அன்றே கொஞ்சம் தயங்கியபோது, லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஒரு "டெலி கண்ணாடி"யை 4,500 ரூபாய்க்குச் சேர்த்தார். 70 மில்லிமீட்டரை அது 150 ஆக்குமாம். மாட்டி எடுத்தால் படத்தின் நடுப்பகுதி மட்டும் ஓரளவு இருக்கிறது. ஓரங்கள் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் கலங்குகின்றன, கிளைகளின் விளிம்பில் ஊதா நிறம் ஓடுகிறது. நல்ல கேமரா நிறுவனங்கள் செய்யும் டெலிகன்வெர்ட்டர் வேறு. அது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பொருந்துவது, அதற்கென்று குறிப்பிட்ட லென்ஸ்களில் மட்டுமே வேலை செய்வது. முன்னால் திருகும் இந்தக் கண்ணாடியைத் தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, சரியான லென்ஸ் என்ன விலை என்று அதே கடைக்குப் போன் செய்தேன். 200-600 லென்ஸ் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றார்கள். எடை இரண்டு கிலோவுக்கும் கூடுதல். கேமராவை விட விலை அதிகம். எனக்குத் தோள்பட்டையில் வலி உண்டு. இதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கேமராவைத் தொட்டிருக்கவே மாட்டேன். அந்த விற்பனையாளர் தெரியாமல்தான் சொல்லாமல் விட்டாரா என்றால், இல்லை. பொருளைத் திருப்பித் தருவதற்காக இரண்டாவது முறை போயிருந்தபோது, மீன்கொத்தி எடுக்க வேண்டும் என்று வந்திருந்த ஒரு கல்லூரி மாணவனிடம் அதே வார்த்தைகளை, அதே வரிசையில், அதே விளம்பரப் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையனை வெளியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

இதோடு போகவில்லை. நான்காம் மாதம் லென்ஸ் குவியம் பிடிப்பதை நிறுத்திவிட்டது. அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்துக்கு எடுத்துப் போனேன். வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்பதற்காக முறையாக இறக்குமதியான கேமரா இல்லை, எனவே வாரண்டி கிடையாது என்றார்கள். வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயர் இல்லை, முகவரி இல்லை, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை எல்லாம் பெட்டியின் மேல் இருந்தே ஆக வேண்டும். பில்லில் "கேமரா 1" என்று எழுதியிருந்ததே தவிர, மாடல் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. "எங்கள் கடை வாரண்டி இரண்டு ஆண்டு இருக்கிறதே அம்மா" என்று வாங்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. போன் செய்தால், கடை வாரண்டி கேமராவுக்கு மட்டும்தான், லென்ஸுக்கு இல்லை என்கிறார்கள்.

பில்லின் அடியில் ஊதா மையில் ஒரு முத்திரை: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அதைப் பார்த்து நான் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவிதான், "டீச்சர், அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்" என்றாள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கால அளவு குறிப்பிடாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். நான்கு மாதம் கழித்து நின்றுபோன லென்ஸுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதாட வேண்டிய விஷயம். ஆனால் இல்லாத வாரண்டியைச் சொல்லி விற்றதும், எதற்காக வாங்குகிறேன் என்று எழுத்தில் கேட்ட பிறகு அதற்கு உதவாத பொருளைத் தலையில் கட்டியதும் தனிப் புகார்கள். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. கடை சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். அன்றைய வாட்ஸ்அப் உரையாடலை நான் அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது என் கையில் இருக்கும் பெரிய சான்று. நீங்களும் கடைக்குப் போகும் முன், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஃபுல்ஃபிரேம் கேமராவே மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லென்ஸ் பழுதாவதற்கு முன், என் தங்கை மகள் கல்யாணத்தில் குத்துவிளக்கு வெளிச்சத்தில் அதே கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். பிளாஷ் போடாமலே பட்டுப் புடவையின் சரிகை இழை இழையாக விழுந்திருந்தது. பிரிட்ஜ் கேமராவால் அது முடியாது. விடியற்கருக்கலிலும் அந்தி மயங்கிய பிறகும் அதன் சின்ன சென்சார் திணறும், படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். முழு ஜூமில் ஒளி நுழையும் துளை எஃப் 6.5-க்குச் சுருங்கிவிடுவதால் வெயில் நன்றாக இருந்தால்தான் வேலை நடக்கும். பறக்கும் பறவையைத் தொடர்வதும் கடினம். இதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன், ஏனென்றால் என் பறவைகள் பகலில் கண்மாய் நடுவில் நிற்பவை. 600 மில்லிமீட்டர் போதும், வெளிச்சக் குறைவிலும் ஓரளவு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 போன்றவை இருக்கின்றன. பயன்படுத்தியதாகக் கிடைத்தாலும் நல்லதுதான். மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால், கேமரா விலையைக் கேட்பதற்கு முன் லென்ஸ் விலையைக் கேளுங்கள். கேனனின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான், என் போன்றவர்கள் தூக்க முடியும். ஆனால் 400-இல் கண்மாய் நடுத்திட்டு எட்டாது. அதையும் வாசலில் நின்று எடுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன் இறக்குமதியாளர் ஸ்டிக்கரைப் பாருங்கள். கேமராவின் வரிசை எண்ணையும் லென்ஸின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு வரி 18 சதவீதம். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று பேச்சு எழுந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

பிறகு மாவட்ட ஆணையத்தில் நான் போட்ட மனு ஏற்கப்பட்டு, கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அதனால் கடையின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று என் மாணவி சொல்லியிருக்கிறாள். இதற்கிடையில், பக்கத்து ஊரில் பறவை பார்க்கும் நண்பர் ஒருவர், பி950-க்கு முந்தைய மாடலான தன் பழைய பி900-ஐ இரவலாகக் கொடுத்தார். வாங்கிய மறுநாள் காலையே கூந்தன்குளத்துக்குப் போனேன். ஊருக்குள் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. நத்தைக்குத்தி நாரை ஒன்றின் அலகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகப் பின்னால் இருந்த தண்ணீர் தெரியும் அளவுக்குப் படம் விழுந்தது. சேற்றுத் திட்டில் வரித்தலை வாத்து ஒன்றுகூட இல்லை. வடக்கே திரும்பிவிட்டிருந்தன.