காசு கவுண்டரை வைத்து ஆஸ்பத்திரியை எடைபோட்டால்: வேலூர், லண்டன், சிங்கப்பூர்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பேச்சுதான். அக்கா லண்டனில் இருக்கிறாள், மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், நான் குடியாத்தம். ராத்திரி போனில் மூன்று ஊர்க் கதையும் ஓடும். அதையெல்லாம் கேட்டு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: ஒரு ஊரின் வைத்தியம் எப்படி என்று தெரிய வேண்டுமானால், அங்கே காசு எப்போது கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள், சுற்றியுள்ள லாட்ஜ்களில் பெங்காலியில் போர்டு தொங்குகிறது. அது அரசு ஆஸ்பத்திரியும் இல்லை, லாபத்துக்கு நடத்தும் கம்பெனியும் இல்லை, மிஷன் ஆஸ்பத்திரி. அதைப் பார்த்தே வளர்ந்ததால் தனியார் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். நானும் அப்படி நம்பித்தான் அம்மாவை வேறொரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பேக்கேஜ் 45,000 என்றார்கள். அட்வான்ஸ் கட்டின பிறகுதான் ரூம் கொடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள், அந்த சர்ஜனை நான் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்று பில் 78,000. மயக்க டாக்டர் தனி, கையுறை தனி, பஞ்சு தனி, ‘இதர பொருட்கள்’ என்று ஒரே வரியில் 9,400. என்னென்ன என்று கேட்டால் சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் என்றார்கள். நான் மிச்சப் பணத்தைப் புரட்டிக்கொண்டு வரும்வரை அம்மா புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் நுனியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம்டா, அதுக்கும் பில்லு போட்டுடுவாங்க” என்றாள்.

லண்டனில் இந்தக் கவுண்டரே கிடையாது என்பாள் அக்கா. உண்மைதான், 1948 ஜூலையில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை தொடங்கியதிலிருந்து அடிப்படை அதுதான், செலவு வரியிலிருந்து. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, மாத்திரை சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் காசு வேறு இடத்தில் வாங்கப்படுகிறது. வேலை விசாவில் போகிறவர் பெரும்பாலும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். காசுக்குப் பதில் காத்திருப்பும் உண்டு: 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கைப் பல வருஷமாக எட்ட முடியவில்லை, பட்டியலில் 70 லட்சத்துக்கு மேல். இன்னொன்றை அம்மா அப்பாவைக் கூப்பிட நினைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். விசிட் விசாவில் வந்தவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்துவிட்டால் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு கட்டணம். ட்ராவல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. சம்பளத்திலிருந்தே பிடித்து மெடிசேவ் என்ற வைத்தியச் சேமிப்புக் கணக்கில் போடுகிறார்கள், 1984இலிருந்து. அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏ, பி, சி என்று வார்டு வகுப்பு, சி வார்டில் குடிமக்களுக்கு 80 சதவீதம் வரை மானியம். மச்சான் மாதிரி வேலை பர்மிட்டில் இருப்பவருக்கு அந்த மானியம் கிடையாது, கம்பெனி எடுக்கும் இன்ஷூரன்ஸ்தான். அமெரிக்காவைப் பற்றி ஒரு வரி போதும்: 1986 சட்டப்படி அவசரப் பிரிவில் யாரையும் பார்க்காமல் திருப்ப முடியாது, ஆனால் பில் பிற்பாடு வீட்டுக்கு வரும்.

சரி, நம்ம ஊர் அரசு வைத்தியம். அம்மாவின் சர்க்கரை மாத்திரை இத்தனை வருஷமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், ஒரு பைசா கொடுத்ததில்லை. மருந்துகளை மொத்தமாக வாங்கிப் பரிசோதித்து அனுப்ப 1994இலேயே தனிக் கழகம் வைத்த மாநிலம் இது. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, போன தடவை மீந்த மாத்திரையை எண்ணிப் பார்த்து, “ராத்திரி மாத்திரைய விட்டுட்டீங்களா ஆயா?” என்று கேட்கிறாள். என் கண்ணில் இந்த மூன்று ஊர் வைத்தியத்திலும் மிகச் சிறந்த சேவை அதுதான்.

குறையும் இருக்கிறது. ஒரு அரசு மருத்துவமனையில் அப்பாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சருக்கு 200 கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்ததையும் பார்த்தேன். இலவசம் என்று எழுதிப் போட்ட இடத்தில் கை நீட்டுவது தனியார் பில்லைவிட எனக்கு அதிகம் வலித்தது.

நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். முதல்வர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, வருமானம் 1,20,000க்குள் இருந்தால் கிடைக்கும். வலி வந்த பிறகு விஏஓ ஆபீசில் வருமானச் சான்றுக்கு நிற்க முடியாது, இப்போதே எடுத்து வையுங்கள். தனியாருக்குப் போனாலும் அட்டை அங்கே செல்லுமா என்று வாசலிலேயே கேளுங்கள். சாலை விபத்தென்றால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் செலவை ஒரு தொகை வரம்புக்குள் அரசே கட்டும், அட்டைகூட வேண்டாம். முன்பணம் கேட்டால் அந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லுங்கள்: நம்மைக் காக்கும் 48.

அம்மாவுக்கு அட்டை போன வாரம்தான் வந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறாள்.