புத்ராஜெயாவா, ஈப்போவா? திவால் ஆணைக்குப் பின் இரண்டு வழிகள்

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஒருவர்மீது திவால் ஆணை விழுந்ததும் கிளம்பும் பேச்சு, "கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போயிடலாம்ணே!" புத்ராஜெயாவில் இருக்கும் அதுதான் மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம். போகலாம், ஆனால் அனுமதி கிடைத்தால்தான்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த 1 மாதத்துக்குள் அனுமதி மனு போட வேண்டும். புதிய சட்டக் கேள்வியா, பொதுமக்களுக்குப் பயன்படும் முக்கியக் கேள்வியா என்றுதான் 1964 நீதிமன்றச் சட்டத்தின் 96ஆவது பிரிவு பார்க்கும். "கடன் 102,000 வெள்ளி இல்லை, 98,000தான்" என்ற கணக்குச் சண்டை பெரும்பாலும் வாசலைத் தாண்டாது. மேல்முறையீடு செய்வதாலேயே ஆணை நின்றுவிடாது; வெளிநாடு போக அனுமதி கேட்கும் நிலை அப்படியே தொடரும்.

மற்றது, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் 1967 நொடிப்புச் சட்டம் 105ஆவது பிரிவின்கீழ் ரத்து மனு. ஆணையே வந்திருக்கக் கூடாது என்றோ, கடன் முழுதும் கட்டியாயிற்று என்றோ காட்ட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: வழக்குப் போட்ட வங்கிக்கு மட்டும் கட்டிவிட்டு வருவார்கள். நிரூபிக்கப்பட்ட மற்றக் கடன்களும் தீர வேண்டும்.

தம்பியின் சொந்த உபயோகக் காருக்கு லாபமில்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனுக்கு இந்த வழி பொருந்தும். 2017 திருத்தத்துக்குப் பின் அத்தகைய ஜாமீன்தாரரைத் திவாலாக்க முடியாது. வியாபார லோரி என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கடன் ஒப்பந்தத்தில் வாகனத்தின் உபயோகம் எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே வாதிட்டுத் தோற்றதை ரத்து மனுவில் திரும்பக் கிளப்பினால் எடுபடாது. அப்போது புத்ராஜெயா மட்டுமே மிச்சம்.