திணறும் டர்போ பிக்கப்: ஸ்கேனரா, கசிவுச் சோதனையா, காதா?

சுமை ஏற்றிய பிக்கப் வண்டி மேட்டில் ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் இரண்டு மூன்று முறை விக்கிவிட்டுத்தான் இழுக்கிறது. கூடவே முன்பு இல்லாத ஒரு சீறலோ ஊளையோ கேட்கிறது. திணறலும் சத்தமும் சேர்ந்து வந்துவிட்டால் "டர்போ போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை, வண்டியின் விலையுயர்ந்த உறுப்புகளுள் ஒன்றை, இப்படி ஊகத்தின் பேரில் கழற்றி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மைக் காரணத்தைத் தேட ஸ்கேனர், கசிவுச் சோதனை, காதும் கையும் என மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பெரிதாக நம்புகிறவர்கள் உண்டு. எது எதைக் காட்டும், எது எதைக் காட்டாது என்பதே இங்கே நாம் பார்க்க வேண்டியது.

வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி-2 முறை, கிராங்க் தண்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் மிகச் சிறிய தளர்வுகளை வைத்தே மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அந்தக் கணத்தில் தண்டு சற்றுத் தளர்கிறது. அது எந்தச் சிலிண்டரின் முறை என்பது கணினிக்குத் தெரியும். பி0301, பி0302 என்ற வரிசையில் வரும் குறியீடுகள் குறிப்பிட்ட சிலிண்டரையும், பி0300 எந்த ஒழுங்கும் இல்லாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வரும் மிஸ்ஃபயரையும் குறிக்கின்றன. ஆயினும் குறியீடு சிலிண்டரைச் சொல்கிறதே தவிர, பழுதான பாகத்தைச் சொல்வதில்லை. பி0303 வந்தால் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) முதலாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், அதன்பின் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று தேடலாம். பாகங்களை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தில் நான் ஆதரிப்பது இந்த ஒன்றை மட்டுமே, ஏனென்றால் இதில் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

பிளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டர்போ அழுத்தத்தில் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைபடுவதால், அதைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதனால்தான் டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் பிளக் இடைவெளி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் என்ற அளவில் குறுக்கி வைக்கப்படுகிறது. தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக், ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, குறையில்லாமல் எரிந்துவிட்டுச் சுமை ஏறும்போது மட்டும் தவறும். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும் வேளையில் வரும் திணறலை டர்போவின் கணக்கில் எழுதிவிட மிக எளிதான காரணமும் இதுவே. பூஸ்ட் போதவில்லை என்னும் பி0299 குறியீடும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. கணினி கேட்ட அழுத்தம் வந்து சேரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். வழியில் கசிந்ததா, எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மூடவில்லையா, உணரி தவறாக அளந்ததா என்பதை அது சொல்லாது.

அங்கேதான் கசிவுச் சோதனைக்கு வேலை வருகிறது. இதில் புகை, அழுத்தம் என்று இரு பிரிவினர் உண்டு. நான் அழுத்தத்தின் பக்கம். புகைக் கருவி பொதுவாக 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) அளவிலான மெல்லிய அழுத்தத்தில்தான் புகையைச் செலுத்துகிறது, ஆனால் டர்போவோ 15, 20 பிஎஸ்ஐ வரையும் அதற்கு மேலும் காற்றைத் தள்ளுகிறது. என் வண்டியில் புகைச் சோதனை ஒரு குறையும் காட்டவில்லை, திணறலும் நிற்கவில்லை. டர்போவின் வாயை அடைத்து அழுத்தக் காற்றை மெல்ல ஏற்றியபோதுதான், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் இருந்த வெடிப்பு வாய் திறந்து சீறியது. அழுத்தம் இறங்கியதும் அது தன்னால் மூடிக்கொண்டது. எனினும் அழுத்தச் சோதனையில் அவசரம் கூடாது. 5 பிஎஸ்ஐயில் தொடங்கி, சோப்பு நீரைத் தெளித்துக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டக் கூடாது. அடைப்பு மூடி பிய்த்துக்கொண்டு பறக்கக்கூடும் என்பதால் அதற்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. ஹோஸுக்குள் இலேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. வெளிப்புறத்தில், கிளாம்ப் ஓரத்தில், தூசு ஒட்டிய எண்ணெய்க் கோடு தெரிந்தால் சோதனையை அங்கிருந்தே தொடங்கலாம்.

கசிவு எங்கே என்பதை ஸ்கேனரும் ஓரளவு முன்கூட்டியே சொல்லக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே செல்லும் காற்றை அளக்கும் காற்றோட்ட உணரி உள்ள பெட்ரோல் இன்ஜினில், உணரிக்கும் டர்போவுக்கும் நடுவே ஓட்டை இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து எரிபொருள் குறைந்து கலவை மெலிகிறது. கணினி எரிபொருளைக் கூட்டித் திருத்துகிறது. டர்போவுக்குப் பின்னால் ஓட்டை இருந்தாலோ, அளந்த காற்று பூஸ்டின்போது வெளியேறிவிடுவதால் கலவை செறிந்து, திருத்தம் எதிர்த் திசையில் செல்கிறது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலேயே ஓட்டை இருந்தால் ஐடிலில் மெலிவு, பூஸ்டில் செறிவு என்று ஒரே ஓட்டை இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆகவே குறியீட்டை மட்டும் படித்துவிட்டு ஸ்கேனரைக் கழற்றிவிடாமல், ஓட்டத்தில் இந்தத் திருத்த எண்களைப் பதிவுசெய்து பார்ப்பது பெரும் பயன் தரும்.

சத்தத்தைப் பொறுத்தவரை ஸ்கேனர் கிட்டத்தட்ட ஊமை. இங்கே காதுதான் தலைமை. சுமையில் மட்டும் வரும் காற்றுச் சீறல் பூஸ்ட் கசிவைக் காட்டுகிறது. வேகத்தோடு ஏறி இறங்கும் சைரன் போன்ற ஊளை கேட்டால் டர்போவின் பியரிங்கையோ விசிறியையோ சந்தேகிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய தண்டில் சிறிய சமநிலைக் குறையும் ஒலியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக்கென்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிகிறது என்று எண்ணலாம், ஏனெனில் வெப்பத்தில் உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. மெல்லிய மிதிப்பில் தகரம் அதிர்வது போன்ற ஒலி, பெரும்பாலும் வேஸ்ட்கேட் மூடியின் தேய்மானம். இன்ஜின் குளிர்ந்தபின் டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம்: பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு, முன்னும் பின்னும் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தாலோ, விசிறி இதழ் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவைக் கழற்றத்தான் வேண்டும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லாததால், திணறலுக்கு இன்ஜெக்டர், ரெயில் அழுத்தம், புகைக்கரி படிந்த பூஸ்ட் உணரி, கரியில் சிக்கிக்கொண்ட டர்போ இதழ்கள் என்று தேடல் வேறு பாதையில் செல்கிறது. காற்று போதாவிட்டால் கரும்புகையே அதைச் சொல்லிவிடும். ஆனால் இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தரும் காமன் ரெயில் குழாய்களில் அழுத்தம் 2000 பார் வரை எட்டக்கூடும். அங்கே கசிவைக் கையால் தடவித் தேடினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். கண்ணும் ஓர் அட்டைத் துண்டும் போதும்.

இன்ஜினைக் குற்றம் சொல்வதற்கு முன் கியர்பாக்ஸையும் ஒருமுறை விசாரிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் சீரான வேகத்தில், மெல்லிய மிதிப்பில் வரும் நடுக்கம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டிலிருந்து வந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மாற்றாமல் பிரேக்கை இடக்காலால் இலேசாகத் தொட்டால் அந்தப் பூட்டு விடுபடும். உடனே நடுக்கமும் மறைந்தால் பழுது இன்ஜினில் இல்லை.

என் தேர்வு இதுதான். திணறல் முதன்மையாக இருந்தால், சுமையில் ஓட்டி ஸ்கேனர் பதிவு எடுத்துவிட்டு, அது காட்டும் திசையில் காயில் மாற்றமோ அழுத்தச் சோதனையோ செய்ய வேண்டும். சத்தம் முதன்மையாக இருந்தால் காதையும் ஸ்டெதஸ்கோப்பையும் முன்வைத்து, ஸ்கேனரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் எந்தச் சோதனை ஓட்டமும் வேண்டாம். எரியாத எரிபொருள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாம் பார்த்தும் ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறினால் சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்-டவுன் சோதனைக்குப் போகலாம். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தி, மானியில் இழப்பைப் படித்தபின் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் காற்றொலி கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் வளையம், ரேடியேட்டரில் குமிழ் எழுந்தால் ஹெட் கேஸ்கெட்.