ஆண் ஹோர்மோன் பொதி: எஸ்.எச்.பி.ஜி. இல்லாமல் எடுத்தால் காசு நட்டம்

யாழ். நகரத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றின் ‘ஆண் ஹோர்மோன் பொதி’யில் மூன்று சோதனைகள்: மொத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹோர்மோன்), விதைகளை இயக்க மூளையடியிலிருந்து வரும் எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் களைப்பு, ஆசைக் குறைவு, தசை கரைதல் என்று போய் இதை எடுத்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

டெஸ்டோஸ்டிரோனை உடம்புக்குப் பயன்படாதபடி பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் எச்.ஐ.வி. உள்ளவர்களில் அடிக்கடி கூடியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்த டெஸ்டோஸ்டிரோன் 15.6 நனோமோல், அல்புமின் என்ற குருதிப் புரதம் 43 கிராம் (எல்லாம் லீற்றருக்கு). எஸ்.எச்.பி.ஜி. 30 நனோமோல் என்றால் கட்டுப்படாமல் நிற்கும் ஹோர்மோன் 0.34 நனோமோல், 90 என்றால் 0.15 தான். ஏறக்குறைய 0.22க்குக் கீழே போனால் குறைவு. ஆனால் பொதியின் ரிப்போட் இரண்டு பேருக்கும் ‘நோர்மல்’ என்றே வரும். ஆகவே எஸ்.எச்.பி.ஜி.யையும் அல்புமினையும் துண்டில் தனியாக எழுதுவியுங்கள். கவுண்டரில் ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று விற்கும் நேரடிச் சோதனை வேண்டாம், அந்த இலக்கத்தை நம்ப ஏலாது.

காலமை 7 மணிக்கே திறக்கிறார்கள், நல்லது. வெறும் வயிற்றோடு 10 மணிக்கு முன் குருதி குடுக்க வேண்டும். பின்னேரம் போனாலும் ஒன்றும் சொல்லாமல் எடுப்பதுதான் பிழை: அந்நேரம் அளவு இயல்பாகவே இறங்கியிருக்கும். காய்ச்சல் நேரத்திலும் அப்படித்தான். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலமை திரும்பப் பார்க்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் போகக்கூடாது. முடிக்கென்று பயோட்டின் குளிசை போடுபவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். சில இயந்திரங்களில் அது அளவை உயர்த்திக் காட்டும்.

அலகையும் பாருங்கள். டெசிலீற்றருக்கு 300 நனோகிராம் என்பதும் லீற்றருக்கு 10.4 நனோமோல் என்பதும் ஒன்றுதான்.

பெயரைக் கத்தாமல் இலக்கத்தால் கூப்பிடுகிறார்கள், ரிப்போட்டை ஒட்டிய உறையில் தருகிறார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இதற்கே தனிப் புள்ளி போடலாம்.

பக்கத்துப் பாமசியில் ‘ஆண்மை’ குளிசை வாங்குபவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலதில் நாகமும் மக்னீசியமும் இருக்கும். டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை அவை குடலிலேயே பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டொலுடெகிராவிரை அதற்கு 2 மணித்தியாலம் முன்னோ 6 மணித்தியாலம் பின்னோ போடுங்கள்.