லினக்ஸ் மின்ட் 22: பழைய கணினிக்குப் பொருந்தும், பிரிண்டருக்குப் பொருந்துமா?

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆன ப்ராசஸர் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஏற்றிப் பார்க்க வேண்டியது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம், லினக்ஸ் மின்ட் 22.

உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை புதுப்பிப்பு வரும். உபுண்டுவையே போடலாமே என்றால், அங்கே ஃபயர்பாக்ஸ் உலாவி, தேவையானதையெல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டு வரும் 'ஸ்னாப்' பொதியாக வருகிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் முறை திறக்கவே பொறுமை வேண்டும். மின்ட் ஸ்னாப்பை முடக்கியே தருகிறது. மெனு, கீழ்ப்பட்டை, ட்ரே எல்லாம் விண்டோஸ் 7 பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது.

சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என மூன்று திரைமுகங்களில் கிடைக்கிறது; எக்ஸ்எஃப்சிஇதான் இலகுவானது. குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. நடைமுறையில் ராமைத் தின்பது உலாவிதான். 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ, 8 ஜிபி இருந்தால் தயங்காமல் சினமன். எதைப் போட்டாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டுங்கள். வேகத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது; பாராட்டு மின்ட்டுக்குப் போய்விடும், போகட்டும்.

மின்ட்டை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியதும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்த்துவிட்டு, 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு எழுதுங்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிடலாம். டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறாது. திரை கறுப்பாகவே நின்றால் தொடக்க மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் என்விடியா கார்டின் வேலை அது.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிவையுங்கள். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) கைவைத்த மறு நிமிடம் விண்டோஸ் அதைத்தான் கேட்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், அதன் டிரைவை மின்ட் படிக்க மட்டுமே விடும். மின்ட்டை நிறுவும் நிரல் டிஸ்க்கையே காட்டவில்லையென்றால், பயாஸில் டிஸ்க் முறை பெரும்பாலும் இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸை சேஃப் மோடில் கிளம்பும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், நேராக மாற்றினால் அது எழும்பாது. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் பயப்பட வேண்டாம்: லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது. மின்ட்டை உள்ளூர் நேரத்திற்கு மாற்றினால் தீர்ந்தது.

தமிழ்த் தட்டச்சில் ஒரு நுணுக்கம் உண்டு. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று ஒன்று இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு 'கக' அடித்தால் 'க்க' வரவில்லையே என்று பலர் கைவிடுகிறார்கள். அது எழுத்தை எழுத்தாக மட்டும் தரும், தானாகப் புள்ளி வைக்காது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுப் பொதியை நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி உள்ளே வந்து, அதன் பட்டியலில் உள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். தட்டச்சுப்பொறி விசையமைப்பும், இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் அமைப்பும் அதே பட்டியலில் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், அந்த எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவினால் போதும்.

இனி பிரிண்டர். ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் தம்மை இயக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேரை) கணினியிடமிருந்து வாங்கிக்கொள்பவை. ஹெச்பியின் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப் இருந்தாலும் அதன் கூடுதல் ப்ளக்-இன் இறங்காமல் தாள் நகராது. கடைக்குக் கடை நிற்கும் கேனன் எல்பிபி2900 இன்னும் மோசம். காப்ட் என்ற தனி மொழி பேசுவது. லினக்ஸ் டிரைவர் பழையது, இன்று அமைந்தாலும் அடுத்த புதுப்பிப்பில் நின்றுபோகலாம். அந்த பிரிண்டரே பிழைப்பு என்றால் மின்ட் வேண்டாம், அல்லது பிரிண்டரை மாற்றுங்கள். ஐபோனிலிருந்து நேரடியாக அச்சிடும் ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள புது வைஃபை பிரிண்டர்கள் டிரைவர் கேட்காமலே வேலை செய்கின்றன.

டேலி கணக்கு மென்பொருள் நேரடியாக ஓடாது. எக்செல் மேக்ரோ நிறைந்த கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கும், மேக்ரோ முரண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடமே கேளுங்கள். கணக்கு எழுதும் கணினியை மட்டும் விண்டோஸில் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுவதுதான் அலுவலகங்களுக்கு ஒத்துவரும்.

நிறுவியதும் முதல் வேலை, மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட். அதில் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்தபின் புதுப்பிப்புகளை ஓட்டுங்கள்; ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டும். வீட்டுப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் இயல்பாக அதில் சேராது, அவற்றுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.