ஹைபிரிட் ஆம்பில் வால்வு மாற்றி மூன்று வருடம்

2017 இல் வாங்கிய ஆம்ப், அதாவது பாட்டின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்ததால் ஹைபிரிட். முன்பகுதியில் இசிசி82 வகை வால்வுகள் இரண்டு, பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள். ஸ்பீக்கரை ஓட்டும் கனமான வேலை டிரான்சிஸ்டர்களுடையது. தினமும் மூன்று மணி நேரம் பாட்டு ஓடும், வருடத்துக்கு ஏறக்குறைய 1,100 மணி நேரம். ஐந்தாவது வருடம் இடது பக்கத்தில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. ஒயரைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் ஸ்பீக்கரை. இரண்டு நாள் வீண்.

இடது வால்வையும் வலது வால்வையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வால்வோடு சத்தமும் இடம் மாறினால் கோளாறு வால்வில். மாறாவிட்டால் சாக்கெட்டிலோ வேறெங்கோ. எனக்குச் சத்தம் வலது பக்கம் போய்விட்டது.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்ட பிறகுதான் மூடியைத் திறந்தேன். கண்ணாடி சுடும் என்பது மட்டுமல்ல, ஸ்விட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வால்வை பல்பைப் போலத் திருகக் கூடாது. லேசாக அசைத்து அசைத்து நேராக மேலே இழுக்க வேண்டும். ஒன்பது பின்களில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலம். அதைப் பார்த்துப் பொருத்தினால் தப்பாகப் போக வழியில்லை. சென்னைக் காற்றில் பின்கள் கறுத்திருந்தன, சாக்கெட்டையும் சேர்த்துத் துடைத்தேன். இன்னொன்றும் அன்றுதான் கண்டுபிடித்தேன்: ஐந்து வருடமாக நான் ரசித்த அந்த ஆரஞ்சு ஒளி வால்வுடையது அல்ல, அடியில் ஒரு எல்இடி!

புதிதாகப் போட்டது ஸ்லோவாக்கியாவின் ஜேஜே கம்பெனி ஜோடி. பொரியும் சத்தம் அன்றே நின்றது. எம்.டி.ராமநாதன் மந்தர ஸ்தாயியில் இறங்கும்போது பின்னால் தம்புரா தனியாகக் கேட்டது. புது வால்வின் மகிமை என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். இப்போது யோசித்தால், பாதிப் பெருமை துடைத்த பின்களுக்குப் போக வேண்டும்.

ஒரு நண்பர் விடவில்லை. "12ஏஎக்ஸ்7 போட்டுப் பாருங்க சார், சும்மா பிச்சிக்கும்!" அதுவும் ஒரு வால்வு வகை. பின் அமைப்பு ஒன்றுதான், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சாரமும் பொருந்தும். ஆனால் இசிசி82 இன் பெருக்க எண், அதாவது சிக்னலைப் பெருக்கும் திறன், 20க்குள், இதற்கு 100. வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிர்ந்தது, பாட்டு இல்லாதபோது 'உஸ்' என்ற இரைச்சல். ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். பொருந்துகிறது என்பதற்காக எதையும் போடாதீர்கள், ஆம்பின் கையேடு சொல்லும் வகையே போதும்.

அப்புறம் ஆசை யாரை விட்டது? பழைய ஸ்டாக் ஐரோப்பிய ஜோடி ஒன்றை ஜேஜேயைப் போல மூன்று மடங்கு விலையில் வாங்கினேன். வயலின் கொஞ்சம் இழைந்ததுபோல இருந்தது, கொடுத்த காசு அப்படிக் கேட்க வைத்திருக்கவும் கூடும். எட்டே மாதத்தில் அதில் ஒன்று மைக்ரோஃபோனிக் ஆனது. அதாவது, உள்ளே தளர்ந்த பாகம் அதிர்வை வாங்கி மைக் மாதிரி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பென்சிலால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் 'டிங்' என்று ஸ்பீக்கரில் கேட்கும். மேஜை மேல் டம்ளர் வைத்தாலும் கேட்டது.

ஜேஜே மறுபடி ஏறியது. இரைச்சல் இல்லை, கண்ணாடி உச்சியில் அந்த வெள்ளிப் பூச்சு இன்னும் பளபளக்கிறது. அது வெளுத்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். மாற்று ஜோடி ஒன்று பீரோவில் தயாராக இருக்கிறது, அதுவும் ஜேஜேதான்.